மழை ஊரைச் சுற்றிப் பார்ப்பது எப்படி? சான் செபாஸ்டியனுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பெயினின் வடகரையில், பிரான்ஸ் எல்லையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது சான் செபாஸ்டியன். இந்தப் பகுதி மக்களின் பாஸ்க் மொழியில் இதன் பெயர் டொனோஸ்டியா. ஸ்பெயின் என்றாலே வெயில் என்று நம்பி வருகிறவர்கள் இங்கே முதல் நாளே நனைந்துபோகிறார்கள். ஆண்டு மழையளவு 1,500 மில்லிமீட்டருக்கு மேல். சென்னைக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் மழை. ஆனால் சென்னையில் அதில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். இங்கே அது பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. மழையே இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது.

அதனால் "திங்கட்கிழமை மலை, செவ்வாய்க்கிழமை கடற்கரை" என்று ஊரிலிருந்தே எழுதிக்கொண்டு வரும் திட்டம் இங்கே நிற்காது. அரை நாள் அரை நாளாகப் பிரித்து, அன்றைய வானம், கடலேற்றம், சமையலறை திறக்கும் நேரம் இந்த மூன்றையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இந்த வழிகாட்டி அதற்கு ஏற்றபடிதான் போகிறது.

1. எந்த மாதம் போகலாம்

மே கடைசியிலிருந்து ஜூன் வரை, அல்லது செப்டம்பர் முதல் பாதி. மழை ஒப்பளவில் குறைவு, கூட்டமும் தாங்கும். ஜூனில் இரவு ஒன்பதரைக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். பகல் முழுக்கத் தூறினாலும் மாலையில் ஈடுகட்ட நேரம் கிடைக்கும் என்பதால் இது பெரிய வசதி. டிசம்பர், ஜனவரியில் காலை எட்டரை தாண்டித்தான் விடியும், மாலை ஆறுக்குள் இருட்டிவிடும். அப்போது மழையும் சேர்ந்தால் கையில் நிற்பது சில மணி நேரம்தான்.

நவம்பரில் மழை மிக அதிகம். ஆகஸ்டில் மழையைவிட அறை வாடகைதான் பிரச்சினை. செப்டம்பர் பின்பாதியில் திரைப்பட விழா நடக்கும். ஜனவரி 20 அன்று ஊர் முழுக்க முரசு கொட்டும் தம்போர்ராடா திருவிழா. இந்த நாட்களில் போவதாக இருந்தால் அறையைப் பல மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடுங்கள்.

2. பெட்டியில் என்ன வைக்க வேண்டும்

இங்கே அதிகம் பெய்வது கொட்டும் மழை அல்ல. "சிரிமிரி" என்று அவர்கள் சொல்லும் நுண்தூறல். துளி கண்ணுக்கே தெரியாது, சத்தமும் இருக்காது. இருபது நிமிடம் நடந்த பிறகு சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். காற்றோடு பக்கவாட்டில் வருவதால் குடை தலையை மட்டும்தான் காக்கும். கடலோரக் காற்றில் மடக்குக் குடை திருப்பிக்கொண்டு கம்பி முறிவது அன்றாடம் நடக்கிறது. பெரிய காற்று அடித்த மறுநாள் காலையில் குப்பைத்தொட்டிகளில் எலும்புக்கூடாகக் கிடக்கும் குடைகளைப் பார்க்கலாம்.

முதல் தேவை, தலைமூடியுடன் கூடிய, தையல் ஓரங்களில் நீர்த்தடுப்பு நாடா ஒட்டிய ரெயின் ஜாக்கெட். 10,000 மில்லிமீட்டர் நீர்த்தடுப்பு என்று குறித்திருந்தால் போதும். நம்மூர் ரப்பர் ரெயின்கோட் நீரைத் தடுக்கும், ஆனால் மேட்டில் ஏறும்போது உள்ளே வியர்வையில் நனைந்துவிடுவீர்கள். உள்ளே பருத்திச் சட்டைக்குப் பதில் சீக்கிரம் காயும் துணி போடுங்கள். ஜீன்ஸ் நனைந்தால் இந்த ஈரக்காற்றில் ஒரு நாள் ஆனாலும் காயாது.

இரண்டாவது, பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட ஷூ. பழைய நகரத்தின் கல் பாவிய தெருக்களும் உர்குல் குன்றின் பாசி படிந்த படிகளும் நனைந்தால் வழுக்கும். தேய்ந்த செருப்போடு வருகிறவர்கள் படி இறங்கும்போதுதான் விழுகிறார்கள்.

கூடவே மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி, பாஸ்போர்ட்டும் போனும் வைக்க ஜிப் உள்ள பிளாஸ்டிக் பை, கண்ணாடி அணிபவர்களுக்கு ஒரு துடைக்கும் துணி. நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் காலையில் போடும் அளவுக்குக் காய்ந்துவிடும். ஹீட்டர் மேல் வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும்.

3. வந்து சேரும் வழி

பெரும்பாலோர் பில்பாவோ விமான நிலையத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து சான் செபாஸ்டியனுக்கு நேரடி பஸ் உண்டு. பகலில் ஏறக்குறைய மணிக்கு ஒன்று, பயணம் சுமார் ஒன்றேகால் மணி நேரம். பில்பாவோ நகருக்குள் போய் மாற வேண்டியதில்லை. இரவு தாமதமாக இறங்குகிறவர்கள் மட்டும் கடைசி பஸ் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, பஸ் முகப்பில் "டொனோஸ்டியா" என்று எழுதியிருப்பதைப் பார்த்து வேறு ஊர் என்று நினைத்து விட்டுவிடுவது. இரண்டும் ஒரே ஊர்தான். மற்றொன்று, ரயில் என்றால் வேகம் என்று எண்ணி பில்பாவோவிலிருந்து எவுஸ்கோட்ரென் ரயிலில் ஏறுவது. அது கிராமம் கிராமமாக நிற்கும் மீட்டர் பாதை ரயில். பஸ்ஸைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் நேரம் பிடிக்கும். ஊர்களைப் பார்த்துக்கொண்டு போக ஆசையென்றால் சரி. பெட்டியோடு வந்து சேர அது வழியல்ல.

பஸ் நிலையம் தரைக்கு அடியில் இருக்கிறது. மேலே வந்தால் எதிரே ரயில் நிலையம், பக்கத்தில் தபாகலேரா என்ற பழைய புகையிலை ஆலை, இப்போது கலை மையம். ஊரின் மையம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். மரியா கிறிஸ்டினா பாலத்தைக் கடந்தால் பத்துப் பதினைந்து நிமிட நடை.

4. எங்கே தங்குவது

"பார்ட்டே வியெஹா" எனப்படும் பழைய நகரம் எல்லாவற்றுக்கும் அருகில்தான். ஆனால் கீழே பார், மேலே அறை. நள்ளிரவு தாண்டியும் பேச்சுச் சத்தம் ஏறிவரும். பல கட்டடங்களில் லிஃப்ட்டும் இல்லை. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வருகிறவர்களுக்கு பூயன் பாஸ்தோர் பேராலயத்தைச் சுற்றிய மையப்பகுதி நல்லது: தெருக்கள் சமதளம், கடற்கரை ஐந்து நிமிடம். ஆற்றுக்குக் கிழக்கே உள்ள க்ரோஸ் பகுதியில் அறை சற்று மலிவாகக் கிடைக்கும், சாப்பாடும் நன்றாக இருக்கும்.

இகெல்டோ மலைமேல் காட்சி அழகு என்று அறை பிடிக்காதீர்கள். மழை நாளில் மலை மேகத்துக்குள் போய்விடும்; ஒவ்வொரு முறையும் ஊருக்குள் வர பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். இந்த ஊரில் நனைந்த உடுப்பை மாற்ற நடுவில் ஒருமுறை அறைக்குப் போய் வர முடிவதுதான் பெரிய சௌகரியம்.

5. தினமும் காலையில் பார்க்க வேண்டிய மூன்று

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

முதலில் மழை ரேடார். போனில் வரும் பொதுவான வானிலைச் செயலி ஏழு நாளுக்கும் மழை மேகப் படத்தையே காட்டும். அதை நம்பினால் அறையை விட்டே வெளியே வர முடியாது. பாஸ்க் வானிலை அமைப்பான எவுஸ்கால்மெட்டின் தளத்தில் ரேடார் படமும் மணிவாரிக் கணிப்பும் இருக்கும். மழை பெரும்பாலும் வடமேற்கிலிருந்து, கடல் பக்கமிருந்து, பட்டை பட்டையாக வரும். இரண்டு பட்டைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இரண்டு மணி நேரம் கிடைத்தால் ஒரு குன்று ஏறி இறங்கிவிடலாம். முந்தின நாள் இரவே முடிவுசெய்யாதீர்கள். காலை எட்டு மணிக் கணிப்பே தீர்மானிக்கட்டும்.

அடுத்து கடலேற்ற அட்டவணை. தமிழ்நாட்டுக் கரையில் கடலேற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் வித்தியாசம். அதனால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். காலையில் பரந்து கிடந்த மணல் மதியத்துக்குள் ஒரு நாடாவாகச் சுருங்கிவிடும். உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அட்டவணையில் "ப்ளேயாமார்" என்றால் உச்ச ஏற்றம், "பஹாமார்" என்றால் முழு வற்றம். பக்கத்துத் துறைமுகமான பசாயாவின் அட்டவணை இங்கேயும் பொருந்தும். ஆனால் ஒன்று: சில அட்டவணைகள் சர்வதேச நேரத்தில் இருக்கும். அப்படியானால் குளிர்காலத்தில் ஒரு மணி நேரமும் கோடையில் இரண்டு மணி நேரமும் கூட்டிக்கொள்ளுங்கள். இதைக் கவனிக்காதவர்கள் வற்றம் என்று நினைத்து ஏற்றத்துக்குப் போய் நிற்கிறார்கள்.

மூன்றாவது, இகெல்டோ மலையுச்சிக் கோபுரம். ஊரின் முக்கியக் கடற்கரையான லா கோன்ச்சாவின் நடைபாதையிலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும். கோபுரம் தெளிவாகத் தெரிந்தால் மேலே காட்சி உண்டு. மேகத்துக்குள் இருந்தால் கேபிள் ரயிலுக்குக் காசு கொடுத்து வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள்.

6. தூறல் நாள்: அரை நாள் நடை

தூறல் என்பது இந்த ஊரில் வெளியே நடக்கும் வானிலைதான். உள்ளூர்க்காரர்கள் அதற்காக எதையும் ஒத்திப்போடுவதில்லை. கீழே சொல்லும் பாதையில் திடீரென்று வலுத்தால் பத்து நிமிடத்துக்குள் ஒதுங்க இடம் கிடைக்கும். அதற்காகவே இந்த வரிசை.

கிழக்கே க்ரோஸிலிருந்து தொடங்குங்கள். ஆற்றின் முகத்தில் கட்டடக் கலைஞர் ரஃபேல் மோனேயோ வடிவமைத்து 1999இல் திறக்கப்பட்ட குர்சால் அரங்கம், இரண்டு சாய்ந்த கண்ணாடிப் பெட்டிகள். பாலம் தாண்டினால் பழைய நகரம். கொன்ஸ்டிடூசியோன் சதுக்கத்தின் நான்கு பக்கமும் வளைவு மண்டபங்கள் இருப்பதால் மழையிலும் நின்று பார்க்கலாம். வீடுகளின் பால்கனிகளுக்கு மேல் எண்கள் எழுதியிருக்கும். ஒரு காலத்தில் இங்கே காளைப் போட்டி நடந்தது. பால்கனிகள் பார்வையாளர் இருக்கைகளாக வாடகைக்கு விடப்பட்டன. அந்த இருக்கை எண்கள்தான் அவை.

மழை விட்டிருந்தால் இங்கிருந்து உர்குல் குன்று. உயரம் 123 மீட்டர், மேலே பழைய கோட்டை. ஏற அரை மணி நேரம். கல் படிகளை விட்டுவிட்டு வளைந்து போகும் அகலப் பாதையில் ஏறுங்கள், இறங்கும்போதும் அதிலேயே வாருங்கள். குறுக்குப் படிகள் மரநிழலில் இருப்பதால் மழை விட்ட பிறகும் மணிக்கணக்கில் ஈரம் காயாது.

குன்றின் மேற்கு அடிவாரத்தில் மீன்பிடித் துறைமுகமும் மீன் காட்சியகமும். அங்கிருந்து நகரமன்றக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு லா கோன்ச்சா நடைபாதையில் சேருங்கள். இங்கே புதியவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு: நடைபாதைக்குக் கீழே, மணல் மட்டத்தில், கூரை போட்ட நீண்ட நடைவழி இருக்கிறது. மேலே எல்லோரும் நனையும்போது கீழே வறண்ட தரையில் கடலைப் பார்த்தபடி நடக்கலாம். கடலேற்றம் மிக உயர்ந்த நாட்களில் மட்டும் அலை இதுவரைக்கும் வரும்.

கடற்கரையின் நீளம் ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல். அதன் மேற்கு முனையில் பிகோ டெல் லோரோ என்ற பாறை நீட்டம், அதைத் தாண்டினால் ஒண்டரெட்டா கடற்கரை. வற்றத்தில் இரண்டு கரைகளுக்கும் நடுவே மணலிலேயே நடந்து போகலாம். ஏற்றத்தில் வழி மூடிவிடும். போகும்போது நடந்துவிட்டு, திரும்பும்போது நீர் ஏறி முழங்கால்வரை நனைவோர் நிறைய. ஏற்றம் தொடங்கிவிட்டால் மேலே மிராமார் மாளிகைக்கு அடியில் போகும் சாலைவழியைப் பிடியுங்கள்.

7. காற்றுச் சீப்பும் அலையும்

ஒண்டரெட்டாவின் கடைசியில், சாலை முடியும் இடத்தில், சிற்பி எதுவார்தோ சிலிதாவின் "பெய்னே டெல் வியந்தோ", அதாவது காற்றுச் சீப்பு, இருக்கிறது. பாறைகளில் பொருத்திய மூன்று இரும்புக் கொக்கிகள், 1977இல் அமைக்கப்பட்டவை. ஊரில் மழை நாளுக்கென்றே செய்துவைத்ததுபோல் ஓர் இடம் உண்டென்றால் இதுதான்.

பலர் சிற்பத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், காலடியைப் பார்ப்பதில்லை. கட்டடக் கலைஞர் லூயிஸ் பெஞ்யா கஞ்செகி அமைத்த கல் தளத்தில் வட்டத் துளைகள் இருக்கின்றன. அடியில் பாறைக் குகைக்குள் அலை புகும்போது உள்ளிருக்கும் காற்று நெருக்கப்பட்டு அந்தத் துளை வழியாக வெளியேறும். முதலில் அடித்தொண்டையில் ஒரு உறுமல், பிறகு கணுக்காலைத் தள்ளும் காற்று, அலை பெரிதாக இருந்தால் அதன்பின் ஆளுயரத்துக்கு மேல் நீர்த்தூவல். முழு வற்றத்தில், அமைதியான கடலில் போனால் இதில் எதுவும் நடக்காது. உச்ச ஏற்றத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, நடுத்தர அலை இருக்கும் நாளில் போங்கள். கேமராவைத் துளைக்கு நேர் மேலே நீட்ட வேண்டாம். காற்று மட்டும்தான் என்று நினைக்கும்போதுதான் உப்புநீர் வரும்.

இப்போது எச்சரிக்கை. உர்குல் குன்றைக் கடல் பக்கமாகச் சுற்றும் பாசெயோ நுவெவோ சாலையையும் இந்தச் சிற்பத் தளத்தையும் பேரலை நாட்களில் தடுப்பு வைத்து மூடிவிடுவார்கள். மழை இருக்காது, வெயில்கூட அடிக்கும், ஆனாலும் மூடியிருக்கும். தொலைவில் அட்லாண்டிக்கில் எழுந்த புயலின் அலை இரண்டு நாள் கழித்து இங்கே வந்து சேர்வதுதான் காரணம். வானத்தைப் பார்த்து "ஒன்றும் ஆகாது" என்று தடுப்பைத் தாண்டாதீர்கள். பத்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு ஒரே ஓர் அலை கைப்பிடிச் சுவரைத் தாண்டி முழுச் சாலையையும் கழுவிக்கொண்டு போகும். இதில் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. அலையைப் பார்க்க ஆசையிருந்தால் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்தோ, குர்சால் பாலத்திலிருந்து தள்ளி நின்றோ பாருங்கள்.

சிற்பத்திலிருந்து திரும்பும் வழியில் இகெல்டோ கேபிள் ரயில், 1912இல் தொடங்கியது, மரப் பெட்டிகள் இன்னும் ஓடுகின்றன. கோபுரம் தெரிந்தால் ஏறுங்கள். 16 எண் பஸ் இதன் அடிவாரத்துக்கு வரும்.

8. கொட்டும் நாள்

சான் டெல்மோ அருங்காட்சியகம் முதலிடம். 16ஆம் நூற்றாண்டின் டொமினிக்கன் மடம், பின்புறம் குன்றோடு ஒட்டிய புதிய கட்டடம். மடத்தின் தேவாலயச் சுவர்களை ஹோசெப் மரியா செர்ட் வரைந்த பெரிய துணி ஓவியங்கள் நிறைக்கின்றன: கப்பல் கட்டுவோர், மீனவர், இரும்புப் பட்டறைக்காரர். பாஸ்க் மக்களின் வாழ்வை இங்கே பார்த்துவிட்டு வெளியே போனால் ஊர் வேறு மாதிரி புரியும். திங்கள் விடுமுறை, செவ்வாய் இலவசம். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மீன் காட்சியகத்தில் குழந்தைகளுக்குப் பிடித்தது சுறாக்கள் தலைக்கு மேல் நீந்தும் கண்ணாடிச் சுரங்கம். பெரியவர்கள் மேலே 1878இல் பிடிபட்ட திமிங்கலத்தின் முழு எலும்புக்கூட்டைத் தவறவிட வேண்டாம். மழை நாள் மதியத்தில் மொத்த ஊரும் இங்கேதான் வரும். திறந்தவுடன் போய்விட வேண்டும்.

தபாகலேராவில் கண்காட்சிகள் இலவசம், உட்கார இடம் நிறைய. லா கோன்ச்சா கரையிலேயே உள்ள லா பெர்லாவில் சூடேற்றிய கடல்நீர்க் குளங்கள் உண்டு. நீச்சலுடை, நீச்சல் தொப்பி, ரப்பர் செருப்பு கொண்டுபோக வேண்டும். கண்ணாடிக்கு அப்பால் மழை விழும் கடலைப் பார்த்துக்கொண்டு வெந்நீரில் கிடப்பதற்கு இந்த ஊரில் ஈடு இல்லை.

ஒரு பொதுத் தவறு: எர்னானியில் உள்ள "சிலிதா லெக்கு" அருங்காட்சியகத்தை மழை நாளுக்கு ஒத்திவைப்பது. பெயர் அருங்காட்சியகம், ஆனால் பெரும்பாலான சிற்பங்கள் திறந்த புல்வெளியில் நிற்கின்றன. அது வறண்ட நாளுக்கு. செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். சனி மாலையே பால், பழம், ரொட்டி வாங்கி வையுங்கள். லா பிரெச்சா சந்தைக்குப் போகிறவர்கள் மேல்தளக் கடைகளைப் பார்த்து ஏமாந்து திரும்புவார்கள். மீனும் காய்கறியும் விற்கும் சந்தை தரைக்கு அடியில் இருக்கிறது.

9. வெயில் அடித்துவிட்டால்

போட்ட திட்டத்தை உடனே கைவிட்டு வெளியே வாருங்கள். அருங்காட்சியகம் நாளைக்கும் இருக்கும்.

குளிக்க லா கோன்ச்சாவும் ஒண்டரெட்டாவும் பாதுகாப்பானவை. விரிகுடா வாயில் சாந்தா கிளாரா தீவு அலையைத் தடுத்து நிற்பதே காரணம். க்ரோஸ் பக்கத்து சுர்ரியோலா திறந்த கடல், அலைச்சறுக்குக்காரர்களின் இடம், உள்ளிழுக்கும் நீரோட்டம் பலமானது. பச்சைக் கொடி என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. ஆகஸ்டிலும் நீர் 22 டிகிரி அளவுதான், நம் உடம்புக்கு முதலில் சுருக்கென்றிருக்கும்.

கோடையில் துறைமுகத்திலிருந்து தீவுக்குப் படகு உண்டு. அலை அதிகமானால் நிறுத்திவிடுவார்கள். ஆகவே முதல் நல்ல நாளிலேயே போய்விடுங்கள், கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். தீவின் சிறு மணல்திட்டு வற்றத்தில் மட்டுமே தலைகாட்டும். மேலே கலங்கரை விளக்கத்துக்குள் சிற்பி கிறிஸ்டினா இக்லேசியாஸ் 2021இல் அமைத்த "ஒண்டாலெயா": பாறைப் பள்ளத்தாக்குபோல் வார்த்த வெண்கலத்துக்குள் நீர் ஏறி இறங்கும்.

"கலெர்னா" என்ற திடீர்க் காற்றைப் பற்றித் தெரியாமல் கடற்கரையில் உட்காராதீர்கள். தெற்கிலிருந்து அனல்காற்று வீசும் புழுக்கமான மதியம், காற்று சட்டென்று நிற்கும், மேற்கே கடல்மேல் தாழ்வாக ஒரு கரும்பட்டை தெரியும். அடுத்த சில நிமிடங்களில் வடமேற்கிலிருந்து பெருங்காற்று. வெப்பம் பத்து டிகிரிவரை இறங்கும், நிழற்குடைகள் பறக்கும். உயிர்காப்பாளர் விசில் ஊதியதும் நீரிலிருந்து வெளியேறி, பொருளைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறிவிடுங்கள். முதலில் மணலில் குடையை நட்டுப் பிடிக்கப் பார்ப்பவர்களுக்குத்தான் காயம் படுகிறது.

இலையுதிர்காலத்தில் இதே தெற்குக் காற்று வந்தால் வானம் கண்ணாடியாக இருக்கும், மலைகள் கிட்டத்தில் தெரியும். அது மழைக்கு முந்தின நாளின் அடையாளம். அன்றே இகெல்டோ ஏறிவிடுங்கள்.

10. பிஞ்ச்சோ சாப்பிடும் முறை

மதியச் சாப்பாடு ஒன்றரையிலிருந்து மூன்றரைவரை, இரவு எட்டிலிருந்து. இடையில் பெரும்பாலான சமையலறைகள் அணைந்துவிடும். நம்மூர் வழக்கப்படி மாலை ஆறுக்குச் சூடாக ஏதாவது கேட்டால் கிடைப்பது காலையில் செய்த ரொட்டித் துண்டுதான். ஐந்தாறு மணிக்கு ஒரு காபியும் பாஸ்க் சீஸ் கேக்கும் சாப்பிட்டுச் சமாளியுங்கள். மேலே கருகி நடுவில் குழையும் அந்தக் கேக் பிறந்ததே இங்கே, 31 தே அகோஸ்தோ தெருவின் லா விஞ்யா பாரில்.

பிஞ்ச்சோ என்பது பார்களில் கிடைக்கும் சிறு தின்பண்டம். பிஞ்ச்சோ பாரில் ஒரே இடத்தில் வயிற்றை நிரப்பக் கூடாது. ஒரு பாருக்கு ஒன்று அல்லது இரண்டு, பிறகு அடுத்த பார். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பண்டத்தை நன்றாகச் செய்யும். மேடையில் அடுக்கியிருப்பவை குளிர்ந்தவை; நல்லவை பெரும்பாலும் கரும்பலகையில் எழுதியிருக்கும், கேட்ட பிறகு சூடாகச் செய்துதருவார்கள். புதியவர்கள் கண்ணுக்குத் தெரிவதையே தட்டில் நிரப்பிக்கொண்டு வெளியே வருவார்கள். தட்டை நீங்களே எடுக்காமல் மேடைக்காரரிடம் கேளுங்கள். சாப்பிட்டு முடித்ததும் "லா குவெந்தா" என்று கேட்டுப் பணம் கொடுக்கலாம். ஒன்று சுமார் 3 முதல் 5 யூரோ. குழாய்த் தண்ணீர் நல்லது; இலவசமாகக் கேட்கலாம்.

மழை இரவில் வெளி மேசைகள் பயனற்றுப்போவதால் எல்லோரும் உள்ளே நெருக்குவார்கள். பகல் பன்னிரண்டரைக்கும் இரவு ஏழரைக்கும் போனால் நிற்க இடம் கிடைக்கும். குடையை வாசல் கூடையில் போடுங்கள், ஆனால் கைப்பிடியில் ஒரு நிற நூல் கட்டுங்கள். எல்லாமே கறுப்புக் குடைகள்தான், மாறிப்போகும். வியாழன் மாலைகளில் க்ரோஸ் பகுதியில் "பிஞ்ச்சோ போட்டே" நடக்கும்: பானமும் பிஞ்ச்சோவும் சேர்த்துக் குறைந்த விலை. திங்கட்கிழமை பல நல்ல பார்கள் மூடியிருக்கும்.

சைவர்கள் கொஞ்சம் கூடுதலாக விசாரிக்க வேண்டும். இறைச்சி இல்லை என்று சொல்வார்கள், ஆனால் பன்றித் தொடைத் துணுக்குகள் தூவியிருக்கும்; அவர்கள் கணக்கில் அது சுவைக்குப் போடுவது. "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்" (இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், பன்றித் தொடை வேண்டாம்) என்று மூன்றையும் சொல்லுங்கள். "ரஷ்ய சாலட்" என்ற உருளைக்கிழங்குக் கலவையிலும் சாதாரண பச்சைச் சாலடிலும் சூரைமீன் இருக்கும். "அதூன்" இருக்கிறதா என்று கேளுங்கள். வறுத்த கெர்னிகா மிளகாய் (காரம் இல்லை), கல்லில் வாட்டிய காளான், முட்டை சாப்பிடுவோருக்கு உருளைக்கிழங்கு தோர்த்தியா (தடித்த ஆம்லெட்) ஆகியவை நம்பகமானவை. இதியாசாபல் என்ற செம்மறியாட்டுப்பால் சீஸை உறையவைப்பது பெரும்பாலும் ஆட்டுக்குட்டி வயிற்றுச் சாற்றில். கண்டிப்பான சைவர்கள் தவிர்க்கவும். கில்தா என்ற குச்சியில் ஆலிவ், மிளகாயோடு நெத்திலி இருக்கும். மீன் சாப்பிடுவோர் அதிலிருந்து தொடங்கலாம்.

11. பக்கத்து ஊர்கள்

க்ரோஸிலிருந்து உலியா மலைமேல் கடலை ஒட்டி நடந்து பசாயாவில் இறங்கும் பாதை அருமையானது, சுமார் மூன்று மணி நேரம். ஆனால் இரண்டு நாள் மழைக்குப் பிறகு களிமண் சறுக்கும். அன்று பஸ்ஸில் பசாயா போய், சிறு படகில் அக்கரை சேர்ந்து, ஒற்றைத் தெருக் கிராமத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அமாரா நிலையத்திலிருந்து "டோப்போ" ரயில் முக்கால் மணி நேரத்துக்குள் பிரான்ஸின் ஆந்தாய் ஊருக்குப் போய்விடும். ஷெங்கன் விசா இரண்டு நாட்டுக்கும் செல்லும். ஆனாலும் எல்லையில் போலீஸ் சோதனை உண்டு. போட்டோ நகல் போதாது, அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். எவுஸ்கோட்ரென் ரயிலில் மேற்கே போனால் சுமாயா. அடுக்கடுக்கான செங்குத்துப் பாறைகளை வற்றத்தில்தான் கீழிறங்கிப் பார்க்க முடியும். மறுபடியும் அட்டவணை.

12. கிளம்பும் நாள்

அறையைக் காலி செய்த பிறகு பெட்டியைப் பஸ் நிலையத்தில் வைத்துவிட்டு தபாகலேராவில் நேரம் போக்கலாம். மழையென்றாலும் சாலையைக் கடந்தால் போதும். பில்பாவோ விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு அங்கே இருக்கும்படி பஸ் எடுங்கள். கோடை ஞாயிறு மாலைகளில் நெடுஞ்சாலை நெரியும், ஒரு பஸ் முன்னதாகவே ஏறுங்கள். இருக்கையும் முன்பதிவு செய்துவிடுங்கள். ஈர ஜாக்கெட்டைத் தனி பிளாஸ்டிக் பையில் போட்டுப் பெட்டியின் மேல்பகுதியில் வையுங்கள். பில்பாவோவில் இறங்கும்போதும் மழை பெய்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.